கையை வரைந்து வைத்த காகிதங்கள்

வலது உள்ளங்கையில், மோதிர விரலுக்கு நேர் கீழே ஒரு சிறு மேடு. 2015 கோடை விடுமுறையில் அதை முதலில் கவனித்தேன். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து வந்த காய்ப்பு என்றுதான் நினைத்தேன். பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் தையல் ஆசிரியையாக இருந்தவளுக்குக் காய்ப்பு புதிதல்ல. ஆனால் காய்ப்பு தோலில் இருக்கும். வெந்நீரில் ஊற வைத்துத் தேய்த்தால் உரியும். இதுவோ தோலுக்கு அடியில் புளியங்கொட்டை அளவில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில், மெத்தையில் பொத்தான் வைத்து இழுத்துத் தைத்த இடம்போல, தோல் ஒரு குழியாக உள்வாங்கியிருந்தது. வலி இல்லை. அதனால் விட்டுவிட்டேன்.

இரண்டு ஆண்டுகளில் அந்த மேட்டிலிருந்து விரலை நோக்கி ஒரு கயிறு கிளம்பியது. கைகுலுக்கினால் எதிராளிக்கே தட்டுப்படும். மோதிர விரல் முழுதாக நிமிர மறுத்தது. அதே சமயத்தில் இடது உள்ளங்காலின் பள்ளத்திலும் ஒரு கட்டி வந்தது. வெறுங்காலில் நடந்தால் கூழாங்கல்லை மிதித்ததுபோல் இருக்கும்.

விரல் மடங்கினால் நம் ஊரில் முதலில் எழும் சந்தேகம் என்ன என்பது இந்தப் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அடுத்த வீட்டு ஆச்சி என் கையைப் பார்த்துவிட்டு, பேத்தியை என்னிடம் பாவாடை தைக்க அனுப்புவதை நிறுத்திக்கொண்டார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. 'பெருவியாதி' என்ற சொல்லை அந்தத் தலைமுறை அவ்வளவு எளிதாக உச்சரிக்காது. நானே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், தொழுநோயா என்று பாருங்கள் என்று கேட்டேன். மருத்துவ அலுவலர் என் கண்களை மூடச் சொல்லிவிட்டு விரல்களிலும் முழங்கையிலும் பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். முழங்கையின் உட்புறம் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். தேமல் எங்காவது இருக்கிறதா என்று பார்த்தார். "இல்லை டீச்சர். தொழுநோயில் நரம்பு கெட்டு விரல் மடங்கும். அங்கே உணர்வு இருக்காது. ஆனால் ஆரம்பத்தில் நாம் பிடித்து நிமிர்த்தினால் நிமிரும். உங்களுக்கு உணர்வு நன்றாக இருக்கிறது, விரலைத்தான் நிமிர்த்த முடியவில்லை. இது வேறு" என்றார். தொழுநோயாக இருந்தாலும் மாத்திரை இலவசம், முழுதாகக் குணமாகும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். விரல் மடங்கும் எவரும் முதலில் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். சந்தேகத்தோடு வாழ்வது நோயைவிடக் கொடுமை.

திருநெல்வேலியில் எலும்பு மருத்துவர் ஒருவர்தான் பெயரைச் சொன்னார்: டுபுய்ட்ரன் சுருக்கம். 1831இல் பாரிஸில் கியோம் டுபுய்ட்ரன் என்ற அறுவை மருத்துவர் ஒரு மது வியாபாரியின் மடங்கிய விரல்களை அறுத்து நிமிர்த்தியதால் வந்த பெயர். காலில் வருவதற்கு லெடர்ஹோஸ் என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயர். இரண்டும் ஒரே குடும்பம். வட ஐரோப்பியர்களிடம் அதிகம், நம்மிடம் குறைவு; ஆனால் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு வரும் வாய்ப்பு கூடுதல் என்றார். எனக்கு அப்போது சர்க்கரை வந்து பதினொரு ஆண்டுகள்.

தையல்காரிக்குப் புரியும்படி நானே எனக்கு விளக்கிக்கொண்டது இது. சட்டைக் காலரில் வெளித் துணிக்கும் உள் துணிக்கும் நடுவே கேன்வாஸ் வைப்போம். உள்ளங்கையிலும் தோலுக்கும் தசைநாண்களுக்கும் நடுவே அப்படி ஓர் இணைப்புத் திசு விரிப்பு இருக்கிறது. காயம் பட்டால் அதன் வாயை இழுத்து மூடுவதற்கென்று உடலில் சில செல்கள் தோன்றும். வேலை முடிந்ததும் மறையும். இந்த நோயில் காயமே இல்லாத இடத்தில் அவை தோன்றி, மறையாமல் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. கொலாஜன் நார் குவிந்து கயிறாகிறது. தண்ணீர் பட்டுக் கேன்வாஸ் சுருங்கிவிட்டால் காலரை மேலே எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் சுருக்கம் போகாது. இவ்வளவும் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. அன்றைக்கு விளங்கியிருந்தால் பல காரியங்களைச் செய்திருக்க மாட்டேன்.

அந்த மருத்துவர் மேசைமேல் என் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தார். கை படியவில்லை, விரலின் அடிமூட்டுக்குக் கீழே இடைவெளி தெரிந்தது. "மாதம் ஒருமுறை இப்படி வைத்துப் பாருங்கள். இடைவெளி கூடி, அடிமூட்டு முப்பது டிகிரி மடங்கினாலோ நடுமூட்டு மடங்கத் தொடங்கினாலோ வாருங்கள். அதுவரை மருந்து இல்லை, சும்மா இருங்கள்" என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. ஆனால் நோய் உடலில் இருக்கும்போது சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. "மருந்து இல்லை" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தவளிடம், "மருந்து இருக்கிறது" என்று சொல்ல எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்!

ஒன்று மட்டும் சரியாகச் செய்தேன். அளவு எடுக்காமல் துணியைத் தொடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பழக்கம். மாதத்தின் முதல் தேதியில் பழுப்புக் காகிதத்தில் கையைக் கவிழ்த்துச் சுற்றி வரைந்துகொள்வேன். விரலின் அடிமூட்டுக்கும் மேசைக்கும் நடுவே உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் எழுதுவேன். அந்த மாதம் என்ன பூசினேன், என்ன விழுங்கினேன் என்பதையும் ஓரத்தில் குறிப்பேன். 2018 ஜனவரித் தாளில் 4 மில்லிமீட்டர்.

முதலில் விளக்கெண்ணெய். இரவில் சூடாக்கித் தேய்த்துத் துணியால் கட்டிக்கொண்டு படுப்பேன். ஏழு மாதம். இடைவெளி 4 மில்லிமீட்டரிலேயே நின்றது. எண்ணெய் நோயை நிறுத்திவிட்டது என்று தெருவெல்லாம் சொன்னேன். சொன்னதை முழுமனதோடு நம்பியும் இருந்தேன். பிறகு செம்பு மோதிரம். பிறகு கொழுந்தன் மகன் துபாயிலிருந்து வாங்கி அனுப்பிய வைட்டமின் ஈ மாத்திரை. வைட்டமின் ஈ-யை இந்த நோய்க்கு 1940களிலேயே மேல்நாடுகளில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முதலில் குணமாகிறது என்ற செய்திகள் வந்தன. கவனமாக அளந்து பார்த்தபோது அவை நிலைக்கவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே மூடிய கணக்கு அது. இணையத்தில் இன்றும் புதிதுபோல் விற்கிறது. பழச்சாறு நொதி (என்சைம்) மாத்திரையும் அப்படித்தான். கொலாஜனைக் கரைக்கும் நொதி மருந்து ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அதை மருத்துவர் ஊசியால் நேரே அந்தக் கயிற்றுக்குள் செலுத்துவார். வாய்வழி விழுங்கும் நொதி வயிற்றைத் தாண்டி, ரத்தத்தில் கலந்து, கையின் அந்த ஒரு கயிற்றை மட்டும் தேடிப் போய்க் கரைக்கும் என்று எதிர்பார்க்க வழியே இல்லை.

இவையெல்லாம் பணத்தோடு போயின. அடுத்த மூன்றும் உடலில் கை வைத்தன.

வர்மம் பார்ப்பவர் ஒருவர் கயிற்றைத் தடவிப் பார்த்து, "நரம்பு சுருண்டுகிடக்கிறது, இழுத்து விட்டால் சரியாகும்" என்றார். நம் பேச்சில் நரம்பு என்ற ஒரே சொல் ரத்தக் குழாய், தசைநாண், உணர்வு நரம்பு எல்லாவற்றையும் குறித்துவிடுகிறது. அந்தக் குழப்பத்தில்தான் பாதி ஏமாற்றம் நடக்கிறது. மடங்கியிருப்பது தசைநாண் அல்ல, அதன்மேல் கிடக்கும் விரிப்பு என்பதைத்தான் டுபுய்ட்ரன் பிணத்தின் கையை அறுத்துக் காட்டினார். எனக்கு எட்டு நாட்கள் விரலைப் பின்னோக்கி வளைத்து இழுத்தார்கள். ஒன்பதாம் நாள் கை வீங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். வீக்கம் வடிய ஒரு மாதம் ஆனது. அடுத்த தாளில் 7 மில்லிமீட்டர். இழுத்ததால்தான் கூடியது என்று நான் சாதிக்க மாட்டேன். ஒரே ஒரு கையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. குறையவில்லை என்பது மட்டும் உறுதி.

அதன் பிறகு, பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலத்தில் செந்தூரம் என்ற சித்த மருந்துப் பொடி. இரண்டு வாரத்தில் முட்டிவலி பறந்துவிட்டது, பசி எடுத்தது, முகம் உப்பிப் பளபளத்தது. "பார்த்தீர்களா மதினி, நம் மருந்தின் மகிமையை" என்றார் வாங்கிக் கொடுத்த உறவினர். நானும் மகிழ்ந்தேன், உடன் வேலை பார்த்த ஆசிரியை ஒருவரின் கணவருக்கும் சொல்லி வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு எனக்கு 7.4இலிருந்து 9.8 ஆகியிருந்தது. அவருக்கு அதைவிட மோசம்; மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்ட நாளை நான் மறக்கவில்லை. எனக்குச் சர்க்கரை பார்க்கும் மருத்துவர் பொட்டலத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வலி சட்டென்று போய், பசி கூடி, முகம் வீங்கி, சர்க்கரை ஏறினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவோம்" என்றார். நான் கேட்டிராத இன்னொன்றையும் சொன்னார்: பல வாரங்கள் ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. உடல் தானாகச் சுரக்க வேண்டியதை மறந்திருக்கும்; மயக்கம், ரத்த அழுத்தம் விழுதல் வரை போகலாம். ஆகவே இப்படி ஏதாவது சாப்பிட்டுவந்தால் வெட்கப்படாமல் பொட்டலத்தோடு மருத்துவரிடம் போக வேண்டும்.

உலோகக் கலப்பு தனிக் கதை. இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2008இல் வந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி அல்ல. அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் முறையாகப் படித்த மருத்துவர் ஒருவரிடமும் என் கையைக் காட்டினேன். அவர் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கடைசியில் சொன்னார்: "அம்மா, இந்தக் கயிற்றைக் கரைக்கும் மருந்து என்னிடம் இல்லை. இருக்கிறது என்று யாராவது சொன்னால், மருந்தின் பெயரையும் அதில் சேர்ந்த பொருட்களையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்." நான் சந்தித்தவர்களிலேயே நேர்மையான வைத்தியர்களில் அவர் ஒருவர். அதன்பின் நான்கு பேரிடம் எழுதிக் கேட்டேன். ஒருவரும் எழுதித் தரவில்லை.

மூன்றாவது, செங்கல். குதிகால் வலிக்குச் செங்கலைச் சுட்டு அதன்மேல் எருக்கிலை பரப்பி மிதிப்பது நம் வீடுகளில் காலங்காலமாக உள்ள வைத்தியம். என் அம்மா செய்து பார்த்திருக்கிறேன். 2019 பொங்கலுக்கு அடுத்த வாரம், உள்ளங்கால் கட்டி கரையட்டும் என்று கொல்லையில் அடுப்பு மூட்டினேன். இலை சுருண்டு, பச்சை வாடை எழுந்தது. காலை வைத்தேன். இதமாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வைத்திருந்தேன். மாலையில் படுத்திருந்தபோது என் வீட்டுக்காரர்தான் பார்த்தார்: "காலில் என்ன அப்பளம்போல் எழும்பியிருக்கிறது?" உள்ளங்காலின் பாதியில் ஒரு கொப்புளம், உள்ளே வெளிர்மஞ்சள் நீர். எனக்கு எரிச்சல்கூட இல்லை. பதின்மூன்று ஆண்டுச் சர்க்கரை என் பாதத்தின் சூடு உணரும் திறனைத் தின்றிருந்தது. அன்று மாலை வரை அது எனக்குத் தெரியாது. இதமான சூடு என்று நான் நினைத்தது தோலைப் பொசுக்கிய சூடு. ஆற ஏழு வாரங்கள் ஆயின. நாள்தோறும் கட்டு மாற்றினார்கள். கால்விரலை எடுக்க வேண்டியிருக்குமோ என்ற பேச்சு இரண்டு முறை வந்தது. கட்டி அப்படியே இருந்தது.

சர்க்கரை உள்ளவர்கள் காலில் ஒத்தடம், வெந்நீர், கிழி, செங்கல் எதையும் வைக்கக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. எண்ணெய்க் கடை இல்லை, வர்மம் இல்லை, பொட்டலம் கொண்டுவர ஆளில்லை. பதினொரு மாதங்கள் கைக்கு எதுவுமே செய்யவில்லை. ஆனால் முதல் தேதியில் கையை வரைவதை மட்டும் விடவில்லை. 2021 பிப்ரவரியில் ஒரு நாள் பீரோவைச் சுத்தம் செய்தபோது அத்தனை தாள்களையும் தரையில் வரிசையாகப் பரப்பினேன். பறக்காமலிருக்க நான்கு மூலைக்கும் நான்கு படி வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, முட்டி போட்டு ஒவ்வொன்றாகப் படித்தேன்.

விளக்கெண்ணெய் மாதங்கள்: 4, 4, 4, 4. ஊரடங்கு மாதங்கள்: 9, 9, 9, 9. வைட்டமின் மாதங்களில் 4லிருந்து 5. செந்தூர மாதங்களில் 7லிருந்து 9. எதுவுமே செய்யாத மாதங்களில் நோய் நின்றதுபோலத்தான் எண்ணெய் தேய்த்த மாதங்களிலும் நின்றிருக்கிறது. இந்த நோயின் இயல்பே அதுதான். சில மாதங்கள் நகரும், சில ஆண்டுகள் நிற்கும். சிலருக்கு மேட்டோடு நின்று விரலே மடங்காது. சிலருக்கு மேடு தானாகச் சிறுத்தும் போகும். தானாக நிற்கும் நோய்க்கு எதைத் தடவினாலும் அது மருந்தாகிவிடுகிறது. நின்ற காலத்தில் கையில் எண்ணெய் இருந்தவர் எண்ணெயைப் புகழ்கிறார், மோதிரம் இருந்தவர் மோதிரத்தைப் புகழ்கிறார். நகர்ந்த காலத்தில் இருந்தவர்கள் வாய் திறப்பதில்லை. நான் தெருவில் சொன்ன சாட்சியமும் அப்படிப்பட்டதுதான். பொய் சொல்லவில்லை, அளவுகளை அருகருகே வைத்துப் பார்க்காமல் பேசினேன்.

2022இல் நடுமூட்டும் மடங்கத் தொடங்கியது. கையை முகம் கழுவக் குவித்தால் விரல் மூக்கில் இடித்தது. கும்பிட்டால் உள்ளங்கைகள் சேரவில்லை. இந்த முறை வேறெங்கும் போகாமல் கை அறுவைச் சிகிச்சையில் தேர்ந்தவரிடம் போனேன். நம் மாநிலத்துக்கு இதில் பெரிய மரபு உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. அதற்கும் முன்னால், 1940களின் இறுதியில், வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திக் காட்டினார். இந்த வாசல்கள் திறந்திருக்கும்போது நான் ஐந்து ஆண்டுகள் கொல்லைப்புறத்தில் சுற்றினேன்.

முதலில் சர்க்கரையைக் குறைத்துவரச் சொன்னார்கள். நான்கு மாதம் ஆனது. பிறகு ஊசிமுறை. உள்ளங்கையில் மரத்துப்போக மிகக் கொஞ்சமாக மருந்து செலுத்தினார். முழுதாக மரத்துவிடக் கூடாதாம். ஊசிமுனை நரம்பருகே போனால் விரலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கும், அதை நான் உடனே சொல்ல வேண்டும் என்றார். ஊசியின் கூரான நுனியால் கயிற்றை நான்கு இடங்களில் கொத்திக் கொத்தி அறுத்தார். பிறகு விரலை மெல்ல நிமிர்த்தினார். நைந்த துணியைக் கிழிக்கும்போது கேட்குமே, அப்படி ஒரு சத்தம் என் கைக்குள்ளிருந்து வந்தது. அடிமூட்டு முழுதாக நிமிர்ந்தது. நடுமூட்டு முக்கால் பங்கு. அன்று மாலையே வீடு திரும்பினேன்.

இதையும் மகிமையாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இது நோயைக் குணமாக்கவில்லை, விரலை நிமிர்த்தியிருக்கிறது. சில ஆண்டுகளில் திரும்ப வரலாம். திறந்து அறுப்பதைவிட ஊசிமுறையில் திரும்பும் வாய்ப்பு அதிகம், ஆனால் கை சீக்கிரம் வேலைக்கு வரும். நரம்போ தசைநாணோ அறுபடும் அபாயமும் உண்டு. இவை அத்தனையையும் கத்தி எடுக்கும் முன்பே அவர் சொல்லி, எழுதி, என் கையெழுத்தையும் வாங்கினார். தோற்கும் வாய்ப்பைச் சொல்லாமல் எனக்கு வைத்தியம் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று அப்போது எண்ணிப் பார்த்தேன்.

காலில் கத்தி வைக்க வேண்டாம் என்றார். அங்கே திரும்ப வருவது அதிகம், உள்ளங்கால் தழும்பு நடையைக் கெடுக்கும். எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு வாங்கி, கட்டி படும் இடத்தில் மட்டும் ரப்பரைக் குடைந்து எடுத்தோம். அளவெடுத்து வெட்டியது நான்தான். தொழுநோயாளிகளின் உணர்விழந்த பாதங்களைக் காத்த அதே ரப்பர். இப்போது கட்டி இருப்பதே பல நாட்கள் நினைவுக்கு வருவதில்லை.

இன்று யாராவது உள்ளங்கையை நீட்டி என்னிடம் கேட்டால் அவர்களிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுக்கிறேன். கையை வரையுங்கள், தேதி போடுங்கள், சர்க்கரை பாருங்கள் என்கிறேன். நிறைய மது அருந்துபவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள் என்கிறேன். எண்ணெய் தேய்த்தால் மனதுக்கு ஆறுதல் என்றால் தேயுங்கள், சூடாக்காமல். விரலை வளைத்து இழுக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். முன்பணம் கேட்பவரிடமும், பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலம் தருபவரிடமும், சர்க்கரையையும் சேர்த்தே குணமாக்குகிறேன் என்பவரிடமும் இருந்து எழுந்து வந்துவிடுங்கள். சர்க்கரையைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது.

சென்ற மாதம் அடுத்த வீட்டு ஆச்சியின் பேத்தி, இப்போது கல்லூரிப் பெண், இரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தாள். என் தாள்கட்டைப் பார்த்து என்னவென்று கேட்டாள். கடைசித் தாளை எடுத்துக் காட்டினேன். 2 மில்லிமீட்டர். அவள் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, அவசரமாக வீட்டுக்குள் போய் ஆச்சியைக் கூட்டிவந்தாள். ஆச்சியின் இடது உள்ளங்கையில், சுண்டு விரலுக்குக் கீழே, ஒரு சிறு மேடு இருந்தது. பழுப்புக் காகிதத்தில் அவர் கையைச் சுற்றி நான் கோடு இழுத்தேன்.